பள்ளிச்சிறை வாய்க்காலை ஆறாகச் சேர்த்துக்கொள்ளும்படி

பள்ளிச்சிறை,
மார்ச் 13.

நதிச் சுற்றுலாத் தலங்களைத் தேர்வு செய்யும் கமிட்டியின் அலுவலகத்தில் குறிப்பெழுதும் பொறுப்பிலிருக்கும் அன்பு மைத்துனன் ஜோய்க்குட்டிக்கு, உன் அக்காள் கணவன், அளியன் பாப்பச்சன் எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் உன் சேச்சி ரோசம்மாவும் மகள் ஜின்சியும் சுகமாயிருக்கிறோம். திருவனந்தபுரத்தில் நீயும் மோளியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டுகிறோம். உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? உனக்கென்று சேச்சி போட்டு வைத்த மாங்காய் ஊறுகாய் ஜாடியோடு அலமாரியில் இருக்கிறது. படகு இல்லாமல் அதை எப்படி அனுப்புவது என்று தெரியாததால் நானே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு வருகிறேன். ஜாடி மட்டும் பத்திரமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முன்தினம் உங்கள் கமிட்டி எங்கள் வாய்க்காலைப் பார்வையிட்டுப் போனது. அதைப் பற்றி நல்லதில்லாத சில செய்திகள் உன் காதுக்கு வந்திருக்கும். முழு விவரமும் தெரிந்தால் நீயே குறிப்பைத் திருத்தி எழுதிவிடுவாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். பதினான்கு மாதமாக ஆகாயத்தாமரை மண்டி வாய்க்கால் அடைந்து கிடப்பது உனக்குத் தெரியும். பயணிகள் படகு அன்றைக்கு நின்றதுதான். முப்பத்தொரு வருடம் அந்தப் படகின் சக்கரத்தைப் பிடித்தவன் நான். இன்றைக்கு என் வீட்டுப் படித்துறையில் உட்கார்ந்தால் தண்ணீரே தெரியவில்லை, மாடு மேய விடலாம் போல இருக்கிறது. ஒரு அலுவலகத்துக்கு எழுதினால் அது இன்னொரு அலுவலகத்தின் தாமரை என்கிறார்கள், அங்கே எழுதினால் பஞ்சாயத்தின் தாமரை என்கிறார்கள், பஞ்சாயத்தில் கேட்டால் தண்ணீர் மட்டும்தான் எங்களுடையது, மேலே மிதப்பது இல்லை என்கிறார்கள். உங்கள் பட்டியலில் சேர்ந்த நீர்வழிகளுக்கு மட்டும் தாமரை வாரும் இயந்திரம் வருகிறதாம். ஆகவே நாங்கள் சுற்றுலாத் தலமாகியே தீர வேண்டும்.

ஜின்சியின் நிலையைச் சொல்ல வேண்டும். சங்கனாசேரி கிளினிக்குக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் ரோட்டுப் பாலம் வரை நாலு கிலோமீட்டர் வரப்பில் நடக்கிறாள். வெள்ளைச் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு போவாள். பாலத்தடி டீக்கடைக்காரர் அவள் கால் கழுவ என்றே ஒரு மக் வைத்திருக்கிறார். பெற்றவனுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, வேறு எப்படிச் சொல்வது. இதற்கு மேல் கல்யாணம் வேறு. ஈஸ்டர் கழிந்து ஏப்ரல் இருபத்தெட்டு என்று நம் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா தேவஸ்யாச்சன் ரப்பர்த் தோட்டத்துக்காரர், மலைப்பக்கத்து மனிதர். படித்துறைக்குப் படகு வந்தால்தான் அறுபத்தைந்து பேரும் வருவார்கள் என்று நேரிலேயே சொல்லிவிட்டார். “பாலத்துல இறங்கி வரப்புல வரிசையா நடந்து வர, நாங்க என்ன நாத்து நடவா வர்றோம்?” என்று கேட்டார்.

கமிட்டி வருகிறது என்று தெரிந்ததும் ஊரே வேலையில் இறங்கியது. உங்கள் படிவத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. தண்ணீர் தானாக ஓடுகிறதா, இரண்டு படகுகள் எதிரெதிரே உரசாமல் போக முடியுமா, பயணிகள் இறங்கிப் பார்க்கக் கரையில் ஏதாவது இருக்கிறதா என்று. நாற்பது பேர் கயிறும் மூங்கிலுமாக இரண்டு நாள் பாடுபட்டு, தாமரை முழுவதையும் கிழக்கே தள்ளி நடைபாலத்துக்குப் பின்னால் அடைத்து வைத்தோம். கால் மைல் தூரத்துக்குத் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. எங்கள் ஜனங்கள் அதில் முகம் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயும் இந்த ஊரில் பிறந்தவன்தான். வருடா வருடம் மார்கழியில் காயலின் உப்புத் தண்ணீர் வயலுக்கு ஏறாமலிருக்க வாய்க்காலின் வாயில் மண்ணணை போடுவோமே, அது அப்படியே நின்றது. படிவத்தில் ஓடுகிறதா என்று கேட்டிருப்பதை எல்லாருமாகப் படித்தோம், ஒருவருக்காவது அணை ஞாபகம் வரவில்லை. வருடா வருடம் போடுவதால் அதை யாரும் ஒரு தடையாகவே நினைப்பதில்லை. கடைசியில் பம்புக்காரர் சுகதன்தான் வழி சொன்னார். அறுப்புக்காக வயல் தண்ணீரை எப்படியும் வாய்க்காலுக்கு இறைத்துத்தானே ஆக வேண்டும், அன்றைக்குக் காலையில் மோட்டாரைப் போட்டால் வாய்க்கால் தானாக ஓடும் என்றார். மோட்டார் போட்டால் அது எப்படித் தானாக ஆகும் என்று ஒருவர் கேட்டார். மோட்டார் கொட்டகைக்குள்தானே இருக்கிறது என்று சுகதன் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் காயல் பக்கமிருந்து கமிட்டியின் மாடி வைத்த படகு வந்தது. ஓய்வுபெற்ற இன்ஜினியர் ராகவ மேனன் சார், பயண நிறுவனத்துக்காரி ஷெரின் மேடம், அளவு நாடாவோடு ஒருவர், ஆக மூன்று பேர். மண்ணணையில் வந்து முட்டி நின்றார்கள். மேனன் சார் இது என்ன என்று கேட்டார். அணை என்றேன். ஆற்றின் வாயை மூடிவிட்டு ஆற்றைப் பார்க்கக் கூப்பிட்டீர்களா என்று கேட்டு, உடனே திறக்கச் சொன்னார். சுகதனும் நாலு பேரும் மண்வெட்டியோடு இறங்கி ஒரு படகு அகலத்துக்கு வெட்டிவிட்டார்கள். அப்போது ஏற்ற நேரம், காயல் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே ஏறியது. பம்புத் தண்ணீரும் அதோடு சேர்ந்துகொண்டது. நான் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். மேனன் சார் ஒரு மாவிலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். இலை கிழக்கே போனது.

“பாப்பச்சா, எல்லா ஆறும் மலையிலேர்ந்து கடலுக்குப் போகும். உங்க ஆறு மலைக்குப் போகுதே?”

“அதுவும் ஒரு தடவ பொறந்த வீட்டப் பாத்துட்டு வரட்டுமே சார்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. குறிப்பில் எழுதிக்கொண்டார். அந்தக் குறிப்பு இப்போது உன் மேஜையில் இருக்கும், தயவுசெய்து பார்.

நடைபாலம் வரை எல்லாம் நன்றாகவே போனது. பாலத்தடியில் மாடி நுழையவில்லை. படகைத் திருப்பலாம் என்றால் அங்கே வாய்க்கால் ஒன்பது மீட்டர், படகு பதினேழு மீட்டர். அளவுக்காரர் இரண்டையும் அளந்து எழுதிக்கொண்டார். முன்னும் பின்னுமாக இழுத்துத் திருப்பப் பார்த்துக்கொண்டிருந்தபோதே காயலில் வற்றம் தொடங்கிவிட்டது. ஏறின தண்ணீர் வெட்டின வாய் வழியாகத் திரும்பிப் போகத் தொடங்க, பாலத்துக்குப் பின்னால் நாங்கள் இரண்டு நாள் அடைத்து வைத்த தாமரை முழுவதும் பாலத்தடியால் புறப்பட்டு வந்தது. நிறுத்த யாராலும் முடியவில்லை. அரை மணி நேரத்தில் கமிட்டி ஒரு பச்சைத் தோட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. படகின் அடிக் காற்றாடியில் தாமரைத் தண்டு சுற்றி இன்ஜின் நின்றுபோனது. மேனன் சார் எட்டிப் பார்த்துவிட்டு, காலையில் கிழக்கே ஓடியது, மதியம் மேற்கே ஓடுகிறது என்று சொன்னார், அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த இடம் என் படித்துறைக்கு நேர் எதிரில் என்பது கர்த்தரின் ஏற்பாடு. பலகை போட்டு மூவரையும் இறக்கினேன். பயணிகள் இறங்கிப் பார்க்கும் இடம் என்ற மூன்றாவது கேள்விக்கு இதுவே பதில் என்று நினைத்துக்கொள். ஆனால் இறைச்சி ஆகாத நோன்பு நாள், ஜோய்க்குட்டி. வயிறு காய்ந்து வந்தவர்களுக்கு உன் சேச்சி கஞ்சியும் பயறும் மரவள்ளிக் கப்பையும் மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் வைத்தாள். படகைச் சுற்றி ஆயிரம் வாத்து நீந்துகிறது, சாப்பாட்டில் ஒன்றுகூட இல்லையே என்று ஷெரின் மேடம் கேட்டுவிட்டார். ஈஸ்டருக்கு வாருங்கள், அதுவரைக்கும் அவையும் உயிரோடிருக்கட்டும் என்று சேச்சி சொன்னாள். உங்கள் படகிலிருக்கும் மெனுக் கார்டில் கஞ்சி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மேனன் சார் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார், அதை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

நாலரை மணிக்குக் காற்றாடியில் சுற்றிய தண்டை அறுத்துவிட்டு மூங்கிலால் பின்பக்கமாகவே தள்ளி அனுப்பினோம். புறப்படும்போது அவர் என் தோளில் கை வைத்து, “இது ஆறும் இல்ல, ஏரியும் இல்ல, பாப்பச்சா. தண்ணி இருக்கற எடம், அவ்வளவுதான்” என்றார். முப்பத்தொரு வருடம் ஓட்டினவனிடம் அப்படிச் சொன்னது எனக்கு வலித்தது. அதனால் என் தரப்பை எழுதுகிறேன். தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடுவது குறையில்லை, ஒரே பக்கம் ஓடுகிற ஆற்றை விட இது இரண்டு மடங்கு ஓடுகிறது. இரண்டு படகுகள் உரசுமா என்றால், முதல் படகே நின்றுபோவதால் எதிரில் இரண்டாவது படகு வர வழியே இல்லை, உரசல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பாலம் தாழ்வு என்றால், பயணிகள் குனிந்து போகட்டும், வணக்கம் சொன்ன மாதிரியும் இருக்கும். பார்க்க ஒன்றுமில்லை என்றால், வாத்து இருக்கிறது, நான் இருக்கிறேன்.

இன்னொரு சின்ன விஷயம். அணையில் வெட்டின வாய் இன்னும் திறந்தே கிடக்கிறது. கமிட்டிதான் திறக்கச் சொன்னது, கமிட்டிதான் மூட வேண்டும் என்று சுகதன் மண்வெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். வயல் அறுப்புக்குக் காய்ந்துவிட்டது, மதகும் அடைத்திருக்கிறது, அதனால் நெல்லுக்குக் கேடில்லை. ஆனால் ஏற்றத்துக்கு ஏற்றம் உப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஏறி இறங்குகிறது. மூடுவதற்கு ஓர் உத்தரவு அனுப்பச் சொல்.

ஜோய்க்குட்டி, நான் உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. குறிப்பைத் தட்டச்சு செய்யும்போது எங்கள் வாய்க்காலைப் பட்டியலில் எங்காவது கடைசியிலாவது சேர்த்துவிடு. உன் மருமகள் ஜின்சி ஒரு நாளாவது கால் நனையாமல் வேலைக்குப் போகட்டும். குடும்பத்தோடு கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னதாகவே வந்துவிடு. மாதாவின் காவல் உங்கள் எல்லார் மேலும் இருக்கட்டும்.

உன் அளியன்,
பாப்பச்சன்.

பின்குறிப்பு, ஏப்ரல் 5: இந்தக் கடிதத்தை அன்றைக்கே பாலத்தடித் தபால் பெட்டியில் போடச் சொல்லி ஜின்சியிடம் கொடுத்தேன். இன்று காலை அவள் பையிலிருந்து எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். படித்திருக்கிறாள், போடவே இல்லை. மூன்று வாரமாக உன் பதிலுக்குக் காத்திருந்தவனுக்கு வராதா கோபம்? திட்டினேன். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு, “படகு வரும்னு எழுதியிருக்கீங்க அப்பச்சா. யாரு படகுன்னு எழுதலையே” என்றாள். ரோட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து வாய்க்கால் போன வருடம் உங்கள் பட்டியலில் ஏறியது, அவள் தினமும் பார்க்கிறாள். தாமரையை வாரினார்களாம், வாரின இடத்தில் நாற்பது படகு வீடுகள் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றனவாம், பயணிகள் படகுக்குக் கரையணைய இடமில்லாமல் அதை நிறுத்திவிட்டார்களாம்.

இவ்வளவும் பேசிக்கொண்டிருக்கும்போது ஏழே கால் மணிக்கு ஹாரன் கேட்டது. அந்த ஹாரனை நான் மறப்பேனா? எங்கள் பயணிகள் படகு. வெட்டின வாய் வழியாக ஏறின உப்பில் தாமரை ஒரு வாரத்தில் பழுத்து, இரண்டு வாரத்தில் அழுகி, முந்தாநாள் வற்றத்தில் முக்கால்வாசியும் காயலுக்குப் போய்விட்டது. நாங்கள் வருடா வருடம் அணை போட்டு உப்பை மட்டும் தடுக்கவில்லை, தாமரையைத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறோம். இனி அறுப்பு முடிந்ததும் மூன்று வாரம் திறந்து விடுவதென்று நேற்றே முடிவாகிவிட்டது. மண்வெட்டி பரணிலேயே இருக்கிறது, மூடும் உத்தரவு அனுப்பிவிடாதே.

அதனால் மேலே நான் எழுதியதையெல்லாம் விட்டுவிடு. மேனன் சார் எழுதினதே சரி. எங்கள் வாய்க்கால் மலைக்கு ஓடுகிறது, மதியம் திரும்பி வருகிறது, ஒன்பது மீட்டர்தான், பாலம் தாழ்வு, படகு மாட்டிக்கொள்ளும், சாப்பிடக் கஞ்சிதான் கிடைக்கும். ஆறு இல்லை, ஏரி இல்லை, தண்ணீர் இருக்கிற இடம். அப்படியே தட்டச்சு செய். தேவஸ்யாச்சனுக்குப் பயணிகள் படகே போதும், அறுபத்தைந்து பேரும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வரட்டும்.

ஜின்சி இன்று வெள்ளைச் செருப்பை வீட்டிலேயே போட்டுக்கொண்டு படகேறினாள். அவள் இந்த வீட்டில் இருக்கப்போவது இன்னும் இருபத்து மூன்று நாள். அந்த இருபத்து மூன்று நாளும் அவள் அப்படியே போய் வரட்டும், ஜோய்க்குட்டி. அடுத்த படகில் இந்தக் கடிதமும் வருகிறது. ஊறுகாய் ஜாடியையும் அனுப்புகிறேன், அடியில் கொஞ்சம் இருக்கிறது.