குதிகால் வித்தை

"பிரேக்கை மிதிக்கிறீங்களா, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீங்களா?"

"ரெண்டையும்! ரெண்டையும் ஒண்ணா..."

"ரெண்டையும் எதுக்குங்க ஒண்ணா மிதிக்கணும்? நிக்கணும்னா நிக்கணும், போகணும்னா..."

"அதுதான் டெக்னிக்கே! நீ வாயை மூடிக்கிட்டு அந்த முட்டையைக் கெட்டியாப் பிடி!"

"கெட்டியாப் பிடிச்சா உடையுது, லேசாப் பிடிச்சா பறக்குது. எப்படித்தான் பிடிக்கிறது?"

அதற்குள் வளைவு வந்துவிட்டது. இஞ்சின் ஓர் உறுமல் உறுமியது. கியர் பெட்டிக்குள் யாரோ தகர டப்பாவை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். வண்டி ஒரு குதி குதித்து, இரண்டு குலுக்குக் குலுக்கி, மூச்சை விட்டு நின்றது.

மடியிலிருந்த முட்டைத் தட்டில் பாதி மனைவியின் மேலேயே உடைந்திருந்தது. ஒரே ஒரு முட்டை மட்டும் முன்கண்ணாடியில் அறைந்து, மஞ்சளும் வெள்ளையுமாய் மெல்ல மெல்லக் கீழே வழிந்துகொண்டிருந்தது.

மனைவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது ஒண்ணுதாங்க உங்க டெக்னிக்கை ஒழுங்காக் கத்துக்கிட்டது. எவ்வளவு நிதானமா இறங்குது பாருங்க."

வண்டியை ஓட்டிய கணவர் தொழிலுக்குப் பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர். அந்த அலுப்புக்கு மருந்தாகத்தான் இந்தப் பழைய சிவப்பு வண்டியை வாங்கினார். இரண்டே கதவு. தரையோடு தரையாக ஓடுகிற ஜாதி. ஏறி உட்கார்ந்தால் காரில் உட்கார்ந்த மாதிரி இருக்காது, குளியல் தொட்டிக்குள் இறங்கிய மாதிரி இருக்கும். பின்சீட் என்று ஒன்று பேருக்கு உண்டு. குடை வைக்கலாம்.

வாங்கியதோடு விட்டாரா? பந்தயக்காரர்கள் வண்டி ஓட்டுவதைக் கம்ப்யூட்டரில் பார்க்க ஆரம்பித்தார். அதில் பிடித்ததுதான் இந்தக் குதிகால் வித்தை. வளைவு வரும்போது வலது காலின் முன்பாதத்தால் பிரேக்கை அமுக்க வேண்டும். அமுக்கியபடியே அதே காலின் குதிகாலால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இடது கால் கிளட்சில் இருக்க, கை கியரை நாலிலிருந்து மூன்றுக்குத் தள்ளும். தட்டிய தட்டில் இஞ்சினின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒத்துப்போய்விட்டால், கியர் மாறியது வண்டிக்கே தெரியாது.

எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. பார்க்கும்போது அவருக்கும் சுலபமாகத்தான் இருந்தது.

"பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் நடுவில இடைவெளி ஜாஸ்தி. என் கால் எட்டல. கால் சின்னது" என்றார் டாக்டர், முட்டையைத் துடைத்துக்கொண்டே.

"கால் சரியாத்தான் இருக்கு. ஆசைதான் பெரிசு" என்றாள் மனைவி.

மறுநாளே செருப்புத் தைப்பவரிடம் போய் நின்றார். வலது ஷூவின் ஓரத்தில் ஒரு கனமான ரப்பர் துண்டை ஒட்டச் சொன்னார்.

"இடது காலுக்கு, சார்?"

"அதுக்கு வேண்டாம்."

"ஒரு கால் மனுஷன் கால், ஒரு கால் வாத்துக் கால்னு ஆயிடுமே?"

"நான் நடக்கிறதுக்குக் கேக்கலப்பா."

நடப்பதற்குக் கேட்கவில்லைதான். ஆனால் நிற்பதற்காவது அது உதவியிருக்கலாம். அன்று சாயங்காலம் கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்தப் போனார். பிரேக்கை மிதித்தார். வாத்துக்கால் பிரேக்கோடு ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து அமுக்கியது. அவர் பதறி இன்னும் அழுத்த, வண்டி இன்னும் சந்தோஷமாகப் பாய்ந்தது.

கிளினிக் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டர் பல் உண்டு. கண், மூக்கு வைத்துச் சிரிக்கிற பல். சிவப்பு வண்டி அதை வேரோடு சாய்த்துவிட்டுத்தான் நின்றது.

உள்ளே வரிசையில் காத்திருந்த ஒரு பெரியவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"டாக்டர் வெளியிலேயே பிடுங்க ஆரம்பிச்சுட்டாரு போல" என்றார் பக்கத்திலிருந்தவரிடம்.

பார்க்கக் கூடாதவன் ஒருவன் உண்டென்றால் அவன் அந்த நேரத்தில்தான் வருவான். வந்தான். மனைவியின் தம்பி. அடுத்த தெருவில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். தலையில் 'எல்' போர்டு வைத்த வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி வந்தான்.

"மாமா, ஒரு போன் போட்டிருந்தா நானே வந்து பிரேக் மிதிச்சிருப்பேனே. ஸ்கூல் வண்டியில என் காலடியிலயும் ஒரு பிரேக் வச்சிருக்கேன்."

"மச்சான், இது உனக்குப் புரியாது. இது பந்தய டெக்னிக்."

"யாரோட பந்தயம்? பல்லோடயா?"

சத்தம் கேட்டு, கிளினிக் மாடியிலிருந்த வீட்டிலிருந்து ஓடி வந்த மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அதுதான் டாக்டருக்குச் சுருக்கென்றது. தம்பி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். அந்தப் பார்வை டாக்டருக்குத் தெரியும். சொத்தைப் பல்லைப் பார்க்கும்போது அவரே பார்க்கிற பார்வை.

"நல்ல வண்டி மாமா. என்கிட்ட குடுத்துடுங்களேன். மேல ஒரு எல் போர்டு வச்சா பசங்க போட்டி போட்டுக் கத்துக்க வருவாங்க."

"என் வண்டி தலையில எல் போர்டா?"

"தகுதிக்கு ஏத்த மாதிரிதானே வைக்கணும்."

டாக்டருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "இந்த ஞாயித்துக்கிழமை குன்று ரோட்டுக்கு வா. உச்சியிலேருந்து அடிவாரம் வரைக்கும், ஒவ்வொரு வளைவிலயும் கியரை மாத்தி இறக்கிக் காட்டுறேன். உன் அக்கா கையில தண்ணி டம்ளர். நிறைய. ஒரு சொட்டு சிந்தினாலும் வண்டி உனக்கு!"

"சிந்தலேன்னா?"

"ஜென்மத்துக்கும் இந்த வண்டியைப் பத்தி நீ வாயைத் திறக்கக் கூடாது."

"அக்கா, நீ சாட்சி" என்றான் தம்பி.

"நான் எதுக்கு சாட்சி? இப்பவே சாவியைக் குடுத்துடுங்க. என் கழுத்தாவது பிழைக்கும்" என்றாள் அவள்.

வண்டி மெக்கானிக் ஷெட்டுக்குப் போனது. மெக்கானிக் கியர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். "உள்ள எல்லாத்தையும் அரைச்சு வச்சிருக்கீங்க சார். ஞாயித்துக்கிழமை காலையில நானே குன்று மேல கொண்டாந்து நிறுத்துறேன். அதுவரைக்கும் வண்டிக்கு ஓய்வு."

வண்டிக்கு ஓய்வு. வீட்டுக்கு?

கிளினிக் திறக்கும்வரை ஊரைச் சுற்றி வந்து பழகியவர், காலை நேரம் முழுக்க வீட்டில் இருந்தார். முதல் நாள் சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். இரண்டாம் நாள் கரண்டிகளைக் கொதிநீரில் போட்டெடுத்து, கிளினிக் தட்டில் இடுக்கியும் ஊசியும் கிடப்பதுபோல வெள்ளைத் துணியில் பரப்பி வைத்தார்.

"உப்பு எங்கங்க?"

"கையால எடுக்காதே. இடுக்கி வச்சிருக்கேன் பார்."

"உப்பை இடுக்கியால எடுக்கணுமா?"

"சுத்தம்னா சுத்தம். அப்புறம், வெங்காயம் வெட்டும்போது மணிக்கட்டை இப்படித் திருப்பக் கூடாது. நான் ஒரு மணி நேரமாப் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.  

"வண்டி இல்லேன்னா தினமும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

"வண்டி மச்சான்கிட்ட போயிடுச்சுன்னா, அடுத்தது அலமாரிதான். உன் துணியெல்லாம் மடிக்கிற முறையே தப்பு."

"கழுத்து வலிக்கு மாத்திரை வாங்கிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று. பையின் வாரில் கறுப்பாக ஏதோ ஈஷியிருந்தது. டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. அவர் மிளகு டப்பாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தார்.

வண்டி இல்லாவிட்டால் பயிற்சி நின்றுவிடுமா? பல் டாக்டரின் காலடியிலும் இரண்டு மிதி உண்டு. ஒன்றை மிதித்தால் பல்லைக் குடையும் மெஷின் சுற்றும். இன்னொன்றை மிதித்தால் நாற்காலி உயரும். அன்று வந்தவர் ஒரு பேங்க் மேனேஜர். டாக்டர் மெஷினை முன்பாதத்தால் அமுக்கி, குதிகாலால் நாற்காலியை ஒரு தட்டுத் தட்டினார்.

மேனேஜர் ஓர் அடி உயர்ந்தார்.

"ஆ... ஆ..."

"வாயை மூடாதீங்க."

மறுபடி ஒரு தட்டு. மறுபடி ஓர் அடி.

"ஆ! ஆ!"

"வாயைத் திறந்தே வச்சிருங்கன்னு சொன்னேனே!"

"திறந்துதான் சார் வச்சிருக்காரு" என்றாள் நர்ஸ். "தலைதான் லைட்டுல இடிக்குது."

மேனேஜர் அதோடு ஓடிப்போனார். ஆனால் டாக்டர் விடவில்லை. அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று கால் பழகப் பழகத் தட்டு பூப்போல ஆனது. சனிக்கிழமை வந்த ஓர் அம்மாள், சிகிச்சை முடிந்து கண்ணைத் திறந்து, "ஐயோ, நான் எப்ப இவ்வளவு மேல வந்தேன்?" என்று கேட்டாள். டாக்டருக்கு அந்த அம்மாளைக் கும்பிடத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. குன்றின் உச்சியில் சிவப்பு வண்டி கழுவித் துடைத்துச் சரிவைப் பார்த்து நின்றது. வாத்துக்காலைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாதாரண ஷூவில் வந்திருந்தார் டாக்டர். குடை வைக்கிற பின்சீட்டில் மச்சான் தன்னை எட்டாக மடித்து நுழைத்துக்கொண்டான். முழங்கால் இரண்டும் காதருகே இருந்தன. மடியில் எல் போர்டு.

"அதை எதுக்குடா கொண்டு வந்தே?"

"அடிவாரத்துல கடை இருக்காது மாமா."

மனைவி முன்சீட்டில் உட்கார்ந்தாள். மெக்கானிக் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார்.

"கிளட்ச்சை நல்லா மிதிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க சார். சரிவுதானே, தானா உருண்டு கிளம்பிடும். நான் பைக்ல பின்னாடியே வரேன்."

டாக்டர் கியரைத் தள்ளிப் பார்த்தார். "அடேயப்பா! வெண்ணெய் மாதிரி விழுதே!"

"புது எண்ணெய் சார்" என்றார் மெக்கானிக். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

வண்டி இறங்கியது. முதல் வளைவு. டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். முன்பாதம் பிரேக்கில், குதிகால் ஒரு தட்டு, கை கியரில். இஞ்சின் ஒரு தடவை இனிமையாக உறுமியது. அவ்வளவுதான். குதிப்பு இல்லை, குலுக்கல் இல்லை. டம்ளரில் தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது.

"பார்த்தியா?"

"ரோட்டைப் பாருங்க" என்றாள் மனைவி.

இரண்டாவது வளைவு. மூன்றாவது. நாலிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு, மறுபடி மூன்று, மறுபடி நாலு. அவர் கை நாட்டியமாடியது. பின்னால் மச்சான் பழக்கதோஷத்தில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் காலில் பிடிப்பு வந்து கத்தினான். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவனுக்குக் கண்ணையும் கட்டியது.

"மாமா... எப்படி மாமா?"

"கியர் மாறினதே தெரியல, இல்ல?"

"சத்தியமாத் தெரியல மாமா."

கடைசிக் கொண்டை ஊசி வளைவில் டாக்டர் வேண்டுமென்றே இரண்டு தடவை கியரை மாற்றினார். தண்ணீர் அசையவில்லை. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தபோது, மனைவி டம்ளரை உயர்த்திக் காட்டி, கடகடவென்று குடித்தாள்.

"ஒரு சொட்டு சிந்தல. போதுமா ரெண்டு பேருக்கும்?"

மச்சானை இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து வெளியே எடுக்க வேண்டியிருந்தது. நிமிர்ந்ததும் எல் போர்டை டாக்டர் கையில் கொடுத்தான்.

"நீங்களே வச்சுக்குங்க மாமா. நான்தான் இன்னும் கத்துக்கணும்."

டாக்டருக்கு மார்பு சட்டைக்குள் அடங்கவில்லை. "மச்சான், ரகசியம் என்னன்னா, இஞ்சின் பேசுறதைக் காது குடுத்துக் கேக்கணும். எந்த கியர்ல இருக்கோம்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லணும். அது ஒரு தவம். அடுத்த மாசம் பந்தயத்துக்கே பேர் குடுக்கலாம்னு இருக்கேன்."

"ஏதோ, வண்டி நம்ம வீட்டுலயே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மனைவி, பெரிய மனது பண்ணி. "ஆனா ஒண்ணு. தினமும் காலையில எடுத்துக்கிட்டு வெளிய போயிடணும். வண்டியைச் சும்மா போட்டு வைக்கக் கூடாது."

"நீயா சொல்றே!" டாக்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இந்தக் காலோட அருமை இன்னைக்காவது உனக்குத் தெரிஞ்சுதே."

அப்போதுதான் பின்னால் வந்த பைக் நின்றது. மெக்கானிக் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, நேரே மனைவியிடம் வந்து கேட்டார்:

"அக்கா, நீங்க சொன்ன மாதிரி வண்டியை மூணாவது கியர்லயே பூட்டி, சார் கையில இருக்கிற கியர் கம்பியைத் தனியாக் கழட்டி விட்டேன்ல, அதை இப்ப மாட்டிடட்டுமா, இல்ல சாருக்கு இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டுமா?"