கழுத்தில் அட்டை, வாயில் பூட்டு

நான்காம் மாடி மைத்துனர் அவர்கள் சமுகத்திற்கு,

முதல் மாடியிலிருந்து தங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் இவ்விடம் என்பது அவ்விடத்துக்கு மூன்று மாடி கீழே இருப்பதால், நான் தும்மினால் தண்ணீர்க் குழாய் வழியே தங்களுக்கே கேட்கும். தனியாக எழுத ஒன்றுமில்லை. தங்கள் சுகத்தையும் கேட்க வேண்டியதில்லை. நேற்றுக் காலை என் தலையைக் கண்டதும் தாங்கள் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கியதைப் பார்த்தேன். முழங்கால் வலி போய்விட்டது போலிருக்கிறது, சந்தோஷம். இந்தக் கடிதத்தை நானே மேலே வந்து கொடுத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் வந்தேன். தாங்கள் கதவைப் பாதி திறந்து, "சொல்லுங்க சார்" என்றீர்கள். பதினாறு வருஷம் அத்தான் அத்தான் என்று கூப்பிட்ட வாயிலிருந்து அந்த 'சார்' வந்ததும், சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோய், "உப்பு இருக்கிறதா?" என்று கேட்டு, ஒரு கிண்ணம் உப்போடு இறங்கிவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பொட்டலம் இருக்கிறது. ஆகவே தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன். தபால்காரரை சார் என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது அல்லவா?

தாங்கள், தங்கள் என்று எழுதக் கை வரவில்லை மாப்பிள்ளை. இனி நீ என்றே எழுதுகிறேன். கோபப்படுவதென்றால் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பட்டுக்கொள்.

நான் எப்படி இந்த ஆலோசகர் வேலையில் போய் மாட்டினேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் என் புத்தி எங்கே கெட்டது என்பது இருக்கிறது. அகதிகளுக்கு வேலை தேடித் தரும் திட்டம் ஒன்று மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறையில் நடக்கிறது, உனக்கே தெரியும். அங்கே நான் என் பங்குக்கு வேலை கேட்டுப் போனபோது, பொறுப்பாளர் அம்மா என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். ஊரில் பதினெட்டு வருஷம் பூகோள வாத்தியார். இங்கே ஏழு வருஷத்தில் அறுபத்தோரு விண்ணப்பம், ஐம்பத்தெட்டுக்குப் பதிலே இல்லை, இரண்டுக்கு வருத்தம், ஒன்றுக்கு மட்டும் வேலை, அதுவும் பேரங்காடியில் பால் பெட்டி அடுக்குவது. அந்த அம்மா நிமிர்ந்து, "உங்க அனுபவந்தான் எங்களுக்கு வேணும். இங்க தன்னார்வ ஆலோசகரா வர்றீங்களா?" என்றார். தோற்றதற்கெல்லாம் ஒரு மதிப்பு உண்டு என்று வாழ்க்கையில் முதல் முறையாக ஒருத்தர் சொன்னால் மனிதனுக்குத் தலை கிறுகிறுக்காதா? நீல நாடாவில் கோத்த அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். 'அனுபவ ஆலோசகர்.' கீழே என் படம். அந்தப் படத்தில் நான் ஒரு சிறிய நாட்டின் தூதர் மாதிரி இருப்பேன். வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா, "சம்பளம்?" என்றாள். "தொண்டு" என்றேன். "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். நான் அந்த அட்டையோடு ரொட்டி வாங்கப் போனேன், முடி வெட்டப் போனேன். முடி வெட்டுகிறவர் கழற்றச் சொன்னபோதுதான் கழற்றினேன்.

போன மாதம் முதலாளிமார், அதிகாரிகள் என்று இருபது பேர் வந்த கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன், மாப்பிள்ளை. பூகோளம் நடத்திய தொண்டைக்குக் கூட்டம் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? "ஐயா, அம்மா, எங்கள் ஆட்கள் தங்கள் பெருமையைத் தாங்களே பேச மாட்டார்கள். பத்து வித்தை தெரிந்தவனும் ஏதோ கொஞ்சம் தெரியும் என்றுதான் சொல்வான். அவனை அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, இவர் இப்படிப்பட்டவர் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். அது எங்களிடம் பாதிப் பாதி வேலை, அவன் பாதி அடக்கம், பக்கத்தில் இருப்பவன் பாதி சாட்சி" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். பொறுப்பாளர் அம்மா மூன்று நிறப் பேனாவால் எழுதிக்கொண்டார். மறுவாரமே அதைப் பெரிய தாளில் அச்சடித்து நேர்காணல் அறைச் சுவரில் ஒட்டியும் விட்டார்கள். அடியில் என் படம், அதே தூதர்.

அதற்குப் பிறகுதான் உன் நேர்காணல். லிப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் ஒரே ஓர் இடம். எடுத்துக்கொண்டால் அவர்களே உரிமத் தேர்வுக்கும் படிக்க வைப்பார்கள். அதற்கு மாதக் கடைசி வரைதான் நேரம். பத்தொன்பது வருஷம் லிப்டோடு வாழ்ந்த நீ, இங்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருக்கிறாய். இந்த இடம் போனால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அன்று காலை என் கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'விண்ணப்பதாரரை முன்பே அறிவீர்களா?' என்று ஒரு கேள்வி. மைத்துனன் என்று எழுதினால், சொந்தக்காரனுக்குப் பரிந்து பேச வந்திருக்கிறான் என்று எழுப்பி அனுப்பிவிடுவார்கள், அட்டை போய்விடும் என்று ஒரு பயம். அறியேன் என்ற கட்டத்தில் குறி போட்டேன். பேனா நன்றாகத்தான் எழுதியது.

நீ உள்ளே வந்தாய். என்னைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்தது. நான் எழுந்து, "வணக்கம், உக்காருங்க" என்றேன். உனக்கு ஒரு நொடிதான் பிடித்தது. "வணக்கம் சார்" என்றாய். என் பொய்க்கு நீயே முட்டுக்கொடுத்தாய்.

லிப்ட் நிறுவன மேலாளர் கேட்டார், "லிப்ட் வேலை தெரியுமா?" நீ, "ஏதோ கொஞ்சம் தெரியும்" என்றாய். "பதினோரு லிப்ட பாத்துக்கிட்டதா போட்டிருக்கே?" என்றார். "நான் மட்டும் இல்லீங்க, கூட இருந்தவங்களும் சேந்து செஞ்சது" என்றாய். கூட இருந்தவர் ஒரே ஒருத்தர், அவரும் உயரத்துக்குப் பயந்தவர் என்று நீதானே சொல்லியிருக்கிறாய்! "உள்ள ஆள் மாட்டிக்கிட்டா தனியா சமாளிப்பீங்களா?" என்றதற்கு, "பாக்கலாம்" என்றாய். "உங்க குறை என்ன?" என்று கேட்டதுதான் தாமதம், மடை திறந்துவிட்டாய். முன்கோபம், மறதி, எழுத்து அழகாக வராது, சாப்பாட்டு நேரத்தில் யாராவது பேசினால் பிடிக்காது, குறட்டை. குறட்டையை யாரப்பா கேட்டார்கள்? தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. கடைசியாக, "உங்க பலம் என்ன?" என்றார். நீ குனிந்து உன் ஷூவைப் பார்த்தாய். "அத நாம சொல்லக்கூடாதுங்க. மத்தவங்கதான் சொல்லணும்" என்றாய். சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.

அந்த அறையில் மற்றவங்க என்று இருந்தது நான் ஒருவன்தான். உன் பாதியை நீ ஒழுங்காகச் செய்து முடித்து, என் பாதிக்காகக் காத்திருந்தாய். என் தலைக்குப் பின்னால் சுவரில் என் வாக்கியமே கொட்டை எழுத்தில் தொங்குகிறது. மேலாளரும் என் பக்கம் திரும்பி, "ஆலோசகர் என்ன சொல்றீங்க?" என்றார். நான் படிவத்தைப் பார்த்தேன். அதில் நான் போட்ட குறி என்னைப் பார்த்தது. "எனக்கு இவரப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

எனக்கா தெரியாது? நம் கட்டட லிப்ட் நாலு மாதம் செத்துக் கிடந்தபோது, பழுது பார்க்கும் பச்சைச் சட்டைக்காரர் ஐந்து தடவை வந்து தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். உரிமம் இல்லாததால் கை வைக்காமல், நீ கதவில் காதை மட்டும் வைத்துக் கேட்டுவிட்டு, மேலே எந்தப் பெட்டியில் எந்தக் கம்பி என்று அவருக்குச் சொன்னாயே, அன்றைக்கே லிப்ட் ஓடியதே, அது தெரியாதா? அந்த மேலாளர் போட்டிருந்ததும் அதே பச்சைச் சட்டை. அதையும் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. நீ குனிந்து பார்த்த ஷூவையும் பார்த்தேன். ஏழு வருஷத்துக்கு முன் என் முதல் நேர்காணலுக்கு நான் உன்னிடம் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போன அதே ஷூ. அன்று நீ ரப்பர் செருப்போடு வேலை கேட்டு அலைந்தாய். மேலாளர் தப்பானவர் இல்லை; "ஆழமான குழிக்குள்ள இறங்குற வேலை. கொஞ்சம் தெரிஞ்சவர இறக்கக்கூடாது" என்று நியாயமாகத்தான் சொன்னார். நீ எழுந்து அவருக்கு நன்றி சொல்லி, எனக்கும், "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றிலிருந்து நான் லிப்டில் ஏறினால் நீ படியில் போகிறாய். நீ உயிர் கொடுத்த லிப்டில் நான் சொகுசாகப் போவதும் நீ நாலு மாடி நடப்பதும் எந்த ஊர் நியாயம்?

உன் அக்காவிடம் அன்றே சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று ஜன்னலைக்கூட மூடி வைத்தேன். அவள் கத்தவில்லை. "என் தம்பியத் தெரியாதுன்னு எழுதினீங்களா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு மூன்று நாள் என் தட்டில் சாப்பாடு இருந்தது, பேச்சு இல்லை. நான் வெட்கப்படுகிறேன் மாப்பிள்ளை. ஒரு நாடாவுக்கும் ஒரு படத்துக்கும் ஆசைப்பட்டு உன்னை விட்டுக்கொடுத்தேன். இதை இதைவிட நாகரிகமாக எழுதத் தெரியவில்லை.

ஆகவே இன்று மத்தியானம் அலுவலகத்துக்குப் போனேன். பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்று சந்தேகப்பட்டு உன் அக்காவும் கூடவே வந்தாள். பொறுப்பாளர் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அந்த அம்மா, "ஐயோ, தெரிஞ்சவங்க இருந்தா சாட்சி சொல்ல வசதின்னுதானே அந்தக் கேள்வியே வச்சோம்! நீங்க பேசினதக் கேட்டுத்தான் சேர்த்தோம்!" என்றார். பூமி பிளக்காதா என்று பார்த்தேன், தரை கெட்டியாக இருந்தது. உடனே மேலாளருக்குத் தொலைபேசி போட்டுக் கொடுத்தார். நான் ஒன்றுவிடாமல், நா வறள வறள, உன் திறமையை அக்குவேறு ஆணிவேறாக எடுத்துச் சொன்னேன். இடம் இன்னும் நிரம்பவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உன்னை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார். அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அது நம் வீட்டுப் பக்கம் இனி வராது. வெறும் கழுத்தோடு வீடு வந்து சேர்ந்தேன்.

உன் வீட்டம்மாவுக்கு என் மரியாதை. பாப்பாவின் விழுந்த பல்லுக்குப் பதில் சீக்கிரம் முளைக்கட்டும். உன் கையும் காதும் எந்நாளும் குறையின்றி இருக்க வேண்டும் என்று, வயதில் மூத்தவன் என்ற ஒரே தகுதியில் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன்னை நன்றாக அறிந்தவன்

பின்குறிப்பு: உறை ஒட்டுமுன் உன் அக்கா வாங்கிப் படித்தாள். "நா வறள வறளவா? என் தம்பிக்குப் போற கடிதாசில பொய்யா?" என்றாள். ஆகவே நடந்ததை எழுதுகிறேன். மேலாளர், "அவர் உங்க மைத்துனரா? நல்ல வேலைக்காரரா?" என்று கேட்டார். சொந்தக்காரன் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. இனி எப்படிப் புகழ்வது? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நினைத்துவிட மாட்டாரா? "ஏதோ, பரவாயில்லைங்க" என்று என் வாயில் வந்துவிட்டது. உன் அக்கா தொலைபேசியைப் பிடுங்கினாள். இந்த நாட்டு மொழியில் அவளுக்கு நாற்பது வார்த்தைதான் தெரியும், நாற்பதையும் உபயோகித்தாள். "எங்க லிப்ட். நாலு மாசம் சாவு. உங்க ஆள் அஞ்சு தடவ. என் தம்பி காது, ஒரு தடவ. லிப்ட் ஓடுது!" பிறகு மேலாளர், "அந்தக் காதுக்காரர் இவரா? எங்க ஆள் அன்னையிலிருந்து அவரப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கார்!" என்றார். திங்கட்கிழமை ஒன்பது மணி என்பது அதற்குப் பிறகு சொன்னது.

அட்டையைப் பற்றி எழுதியதும் பாதி பொய். நான் மேசையில் வைத்தது நிஜம். பொறுப்பாளர் அம்மா அதை எடுத்து உன் அக்காவிடம் நீட்டி, "உங்களுக்குக் கூட்டத்துல பேச வருமா?" என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்து, "ஏதோ கொஞ்சம் வரும்" என்றாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை நான் எந்தக் காகிதத்தையும் பார்க்கவில்லை. "பதினாறு வருஷமா கேக்குறேங்க, நான் சாட்சி" என்றேன். அட்டை இப்போது அவள் கழுத்தில் இருக்கிறது. ரொட்டி வாங்கப் போயிருக்கிறாள்.

ஆகவே திங்கட்கிழமை உன்னோடு உள்ளே வருவது அவள். பலம் என்ன என்று கேட்டால் நீ வழக்கம்போல் ஷூவைப் பார், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். நான் வெளியே நாற்காலியில் இருப்பேன். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வெளியே வரும்போது என்னைத் திட்டு, தாராளமாகத் திட்டு. சார் போட்டு மட்டும் திட்டாதே.