குத்தூசி வாசகர்

லிங்கராஜ் முந்நூற்றுப் பன்னிரண்டாவது லைக்கைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தபோது முதலாளியின் போன் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு முதலாளி கூப்பிடுகிறார் என்றால், ஒன்று துறைமுகத்தில் ஏதாவது கவிழ்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாராட்டு. கவிழ்ந்ததாகத் தகவல் இல்லை. ஆகவே லிங்கராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாராட்டை வாங்கிக்கொள்வதற்கென்று வைத்திருக்கும் குரலில், "வணக்கம் அண்ணாச்சி" என்றான்.

"ஏலே, என்னத்தல எழுதித் தொலைச்சிருக்க?"

"உங்க புத்தகத்தப் பத்தித்தான் அண்ணாச்சி. நீங்கதான எழுதச் சொன்னீங்க?"

"அதப் போயி நீ எப்பிடில வாசிச்ச?"

குட்டு உடைந்துவிட்டதோ என்று லிங்கராஜ் நினைத்தான். அவன் புத்தகம் வாசிப்பதில்லை என்கிற விஷயம் உலகத்தில் அவன் மனைவி முருகேஸ்வரிக்கு மட்டும்தான் தெரியும். அவளும் பள்ளிக்கூட டீச்சர். வெளியே சொன்னால் தனக்கும் அவமானம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"வாசிச்சேன் அண்ணாச்சி. வரி வரியா வாசிச்சேன்."

"நாசமாப் போச்சு. உங்க மதினியும் இப்ப வரி வரியாத்தாம்ல வாசிச்சிட்டு இருக்கா. அடுப்பப் பத்த வைக்கல. என்னமாவது செஞ்சு அத மாத்து. நாளைக்கு மேனேஜர் சீட்டுல நீ உக்காரணுமா வேண்டாமா?"

போன் வைக்கப்பட்டது. மேனேஜர் டிக்சன் ஓய்வு பெற்றுப் போய் இரண்டு மாதமாக அந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது. அதில் யார் உட்காரப் போவது என்று திங்கட்கிழமை அறிவிப்பு. லிங்கராஜ் அந்த நாற்காலிக்கு ஏற்கெனவே ஒரு துண்டு வாங்கி வைத்துவிட்டான்.

லிங்கராஜ் என்றால் தூத்துக்குடியில் அவன் தெருவைத் தாண்டி யாருக்கும் தெரியாது. ஆனால் 'வாசக நங்கூரம்' என்றால் ஃபேஸ்புக்கில் நாலாயிரம் பேருக்குத் தெரியும். 'அண்மையில் வாசித்தவை' என்று வாரம் மூன்று புத்தகத்துக்கு அவன் அபிப்பிராயம் எழுதுவான். புது நாவல், புதுத் தன்வரலாறு எது வந்தாலும் மறுநாளே அது அவனை உலுக்கிவிடும். எண்ணூறு பக்க நாவல் ஒன்றின் பார்சலைப் பிரித்த நாற்பதாவது நிமிடத்தில், 'இதன் மௌனங்கள் என்னை மூன்று இரவுகள் தூங்கவிடவில்லை' என்று எழுதினான். அந்த நாவலாசிரியர் கணக்கு கேட்கவில்லை. கண்ணீரோடு அதைப் பகிர்ந்துகொண்டார். வாசித்தேன் என்று ஒருவன் எழுதிவிட்டால் எழுத்தாளர்களுக்குப் போதும். அதற்கு மேல் துருவுவது அவர்களுக்கும் நல்லதல்ல.

இந்த வித்தை அவனுக்குத் தொழிலில் இருந்து வந்தது. வன்னியபெருமாள் அண்ணாச்சியின் கப்பல் சரக்கு ஏஜென்சியில் அவனுக்குச் சாம்பிள் எடுக்கிற வேலை. வந்திறங்கும் பருப்பு மூட்டைகளையெல்லாம் அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குள் அடுத்த கப்பல் வந்துவிடும். குத்தூசியால் மூட்டையின் மேலே ஒரு குத்து, நடுவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. உள்ளங்கையில் விழும் ஒரு பிடிப் பருப்பைப் பார்த்து, 'சரக்கு நயம்' என்று கையெழுத்துப் போட வேண்டியதுதான். பருப்புக்குச் செல்லுபடியாவது படைப்புக்குச் செல்லாதா? முதல் பக்கம், நடுவில் இரண்டு மூன்று பக்கம், கடைசிப் பக்கம். புத்தகம் முடிந்தது.

"பருப்புல கல்லு கெடந்தா குத்துனவனுக்கா தெரியும்? சமைக்கிறவளுக்குத்தான் தெரியும்" என்பாள் முருகேஸ்வரி. அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. குவைத்தில் வேலை பார்த்த ஒரு நர்ஸின் தன்வரலாற்றில் கடைசிப் பக்கம் மரணத்தில் முடிந்ததைப் பார்த்துவிட்டு, 'ஆசிரியரின் மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று எழுதினான். செத்தது அவர் வளர்த்த பூனை. 'நான் நலம் சார், டூட்டியில் இருக்கிறேன்' என்று அந்த அம்மாள் கீழே கமென்ட் போட்டார்.

அதெல்லாம் தூரத்துச் சரக்கு. இப்போது வந்திருப்பது உள்ளூர்ச் சரக்கு.

போன வாரம் வன்னியபெருமாள் அண்ணாச்சிக்கு அறுபதாம் கல்யாணம். அண்ணாச்சி மனைவி சண்முகவடிவு கழுத்தில் இரண்டாம் முறை தாலி கட்டினார். வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு, 'என் வியர்வையும் எட்டுக் கப்பலும்' என்ற அவரது தன்வரலாறும் இருந்தது. அண்ணாச்சிக்குச் சொந்தமாக ஒரு வள்ளம்கூடக் கிடையாது. ஆனாலும் எட்டு என்று தலைப்பில் போட்டுவிட்டார். ஐந்நூறு பிரதி. தேங்காய்கள் எல்லாம் அன்று மாலையே சட்னியாயின. புத்தகங்கள் பையோடு ஆணியில் தொங்கின.

லிங்கராஜ் மட்டும் எடுத்துக் குத்தினான். மேல்குத்தில் வறுமை, அடிக்குத்தில் இறைவனுக்கு நன்றி. நடுக்குத்து தொண்ணூற்றேழாம் பக்கத்தில் விழுந்தது. அங்கேதான் அவன் மெய்மறந்து எழுதினான்:

'அண்மையில் வாசித்த தன்வரலாறுகளில் இப்படி ஒரு நேர்மையை நான் கண்டதில்லை. ஆறுமுகநேரியில் தமக்கு இன்னொரு வீடு உண்டு, அங்கே ஒரு துணையும் இரண்டு பிள்ளைகளும் உண்டு, செவ்வாய்தோறும் திருச்செந்தூர் கோயிலுக்கு என்று கிளம்பி அங்கேதான் போய் வருகிறேன் என்று எத்தனை பேர் எழுதுவார்கள்? கண்கள் ஈரமாயின.'

அதற்கு மேலே அறுபதாம் கல்யாணப் படத்தையும் போட்டிருந்தான்.

ஊருக்கெல்லாம் தேங்காயோடு கொடுத்த சமாசாரத்தை ஒரு மனிதர் மறைக்க விரும்புவார் என்று யாருக்குத் தோன்றும்? குடும்பத்தில் எல்லோரும் அறிந்து பழகிப்போன விவகாரம் என்றுதான் அவனும் நினைத்தான். இப்போது அண்ணாச்சி 'மாத்து' என்கிறார். மாற்றத் தெரியாமல் என்ன வாசகன்?

உடனே பதிவின் கீழே சேர்த்தான்: 'இங்கே இன்னொரு வீடு என்பது ஒரு படிமம். தொழில்தான் அவருடைய இரண்டாவது குடும்பம்.'

ஐந்தாவது நிமிடத்தில் ஆபீஸ் கிளார்க் கிளாட்வின் கமென்ட் போட்டான். அவனுக்கும் அந்த நாற்காலி மேல் கண். 'அண்ணே, படிமத்துக்கு ரெண்டு பிள்ளைகளா? மூத்ததுக்கு என்ன வயசு?'

அதற்கு நூற்றெண்பது பேர் சிரித்தார்கள்.

லிங்கராஜ் அசரவில்லை. இலக்கியத்தில் இதற்கும் மருந்து உண்டு. 'நண்பர்கள் புரிந்துகொள்ள வேண்டும். இது தன்புனைவு என்னும் நவீன வகை. வாழ்க்கையும் கற்பனையும் கலந்தே வரும். எது உண்மை, எது பொய் என்று பிரிக்க முடியாது.'

மறுபடியும் போன்.

"ஏலே, அப்ப நான் பட்ட கஷ்டமும் பொய்யா? பன்னண்டு வயசுல மூட சுமந்தேன்னு எழுதியிருக்கேன், அதுவும் பொய்யான்னு எம் மச்சினன் கேக்கான்."

"அது உண்மை அண்ணாச்சி."

"ஆறுமுகநேரி?"

"அது கற்பன."

"எது எதுன்னு பிரிக்க முடியாதுன்னு நீதானல எழுதியிருக்க! மொதல்ல அத எடுத்துத் தொல!"

எடுத்தான். அதுதான் பெரிய தப்பு. பதிவு இருந்தவரைக்கும் அது ஒரு புத்தக அபிப்பிராயம். எடுத்த பிறகு அது வதந்தி. புத்தக அபிப்பிராயத்துக்கு ஏது அவ்வளவு மவுசு? கிளாட்வின் ஏற்கெனவே அதைப் படமெடுத்து, 'அண்ணாச்சி 60' என்ற, குடும்பமும் ஆபீஸும் சேர்ந்த வாட்ஸப் குழுவில் போட்டிருந்தான். பத்து மணிக்குள் மாப்பிள்ளையூரணி முதல் திருச்செந்தூர் வரை ஆணியில் தொங்கிய தாம்பூலப் பைகள் இறங்கின. ஒரு தமிழ்ப் புத்தகத்தை ஒரே காலையில் ஐந்நூறு குடும்பங்கள் திறந்து, எல்லோரும் ஒரே பக்கத்தை வாசித்தது அதற்கு முன்பு நடந்ததாகத் தெரியவில்லை.

"வீட்டுக்கு வா. ஒடனே வா" என்றார் அண்ணாச்சி. குரல் தேய்ந்துபோயிருந்தது.

"என்னங்க, இப்பமாவது அந்தப் புத்தகத்தத் தொறந்து வாசிச்சிட்டுப் போங்க" என்றாள் முருகேஸ்வரி. "வேல போனாலும் எதுக்குப் போச்சுன்னாவது தெரியும்லா."

வழியில் ஒரு டீக்கடை ஓரமாகப் பைக்கை நிறுத்திவிட்டு லிங்கராஜ் வாசித்தான். பல வருடங்களுக்குப் பிறகு தொடர்ச்சியாக இருபது பக்கம் வாசித்ததில் அவனுக்குக் கண் எரிந்தது. ஆனால் கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார். தொண்ணூற்றாறாம் பக்கம் வரை உப்பளம், மழை, நஷ்டம். தொண்ணூற்றேழில் திடீரென்று ஆறுமுகநேரி வீடு. அது நூற்றுப் பன்னிரண்டில் முடிகிறது. நூற்றுப் பதின்மூன்றில் மறுபடியும் உப்பளம். நடுவில் சரியாகப் பதினாறு பக்கம்!

"பதினாறு!" என்று அவன் கத்தியதில் டீக்கடைக்காரர், "டீ எட்டு ரூவாதான் அண்ணாச்சி" என்றார்.

அண்ணாச்சி வீட்டில் முன்கூடம் நிறைய சொந்தக்காரர்கள். ஆளுக்கொரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் சேர்ந்து ஒரு புத்தகத்தை நிஜமாகவே வாசிப்பதை லிங்கராஜ் அன்றுதான் பார்த்தான். நடுவில் சண்முகவடிவு மதினி கண்ணாடி போட்டுக்கொண்டு சோபாவில் இருந்தார். ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணாச்சி. அவர் முன்னால் காப்பி டம்ளர்கூட இல்லை.

"வாங்க தம்பி" என்றார் மதினி. "நீங்கதான் பெரிய வாசகராம்லா. சொல்லுங்க, தொண்ணூத்தேழாம் பக்கத்துல வாரவ யாரு?"

"மதினி, அது அண்ணாச்சி எழுதுனதே இல்ல."

கூடமே நிமிர்ந்து பார்த்தது. எல்லோரையும்விட வேகமாக நிமிர்ந்தவர் அண்ணாச்சி.

"புத்தகத்தப் பதினாறு பதினாறு பக்கமாத்தான் அச்சடிப்பாங்க மதினி. அதுக்குப் பேரு ஃபாரம். ஒரே நேரத்துல பிரஸ்ல நாலு புத்தகம் ஓடும். எவனோ எழுதுன நாவலோட ஏழாவது ஃபாரம், அண்ணாச்சி புத்தகத்துல மாறிச் சேந்துட்டு. எண்ணிப் பாருங்க, சரியாப் பதினாறு பக்கம்."

மதினி எண்ணிப் பார்த்தார். பதினாறுதான்.

"பக்க நம்பர் ஒழுங்கா வருதே?"

"எந்தப் புத்தகத்துலயும் ஏழாவது ஃபாரம் தொண்ணூத்தேழுலதான் மதினி ஆரம்பிக்கும்."

"அந்த நாவல்லயும் 'நான்' 'நான்'னுதான் எழுதியிருப்பானோ?"

"இப்ப வார நாவல் எல்லாமே 'நான்'தான் மதினி. வேற ஆளப் பத்தி எழுத யாருக்கும் நேரமில்ல."

"செவ்வாக்கெழம செவ்வாக்கெழம திருச்செந்தூர் போறானே?"

"ஆயிரம் பேரு போற கோயிலு. அதுல ஒருத்தன் நாவல் எழுதியிருக்க மாட்டானா?"

மதினி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இவுக எழுதுன பதினாறு பக்கம் எங்கன?"

"அந்த நாவலுக்குள்ள போயிருக்கும். அத வாசிச்சவன், கத நல்லாப் போகும்போது நடுவுல எதுக்கு உப்பளம் வருதுன்னு மண்டயப் பிச்சிட்டு இருப்பான்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. மதினியின் உதட்டோரத்திலும் லேசாக ஏதோ அசைந்தது. அண்ணாச்சி எழுந்து வந்து லிங்கராஜின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தியளா! நான் காலையில இருந்து தொண்ட வத்தக் கத்துதேன், ஒருத்தருக்காவது வெளங்குச்சா? படிச்சவன் படிச்சவன்தான். ஏலே, நாளைக்கு என்னல நாளைக்கு? இப்பமே சொல்லுதேன், நீதான் மேனேஜர்!"

"ஏளா, தம்பிக்குக் காப்பி கொண்டா" என்று மதினி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ஒரு விநாடி கழித்து, "அண்ணாச்சிக்கும் சேத்து" என்றார்.

லிங்கராஜ் அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பல வருடங்களுக்குப் பிறகு ஒரு புத்தகத்தை வாசித்து, அதில் ஒரு உண்மையையும் கண்டுபிடித்திருக்கிறான். அந்தப் பெருமை அவனைச் சும்மா இருக்க விடவில்லை.

"யாருக்கும் மனசுல ஒரு துளி சந்தேகமும் இருக்கக் கூடாது. பிரஸ்லயே கேட்டுருவோம்" என்று புத்தகத்தின் முன்பக்கத்தில் இருந்த நம்பரை அழுத்தினான்.

"வேண்டாம்ல! ஞாயித்துக்கெழம, அவுக மாதா கோயிலுக்குப் போயிருப்பாங்க" என்று அண்ணாச்சி பாய்ந்தார்.

"மணி பதினொண்ணு ஆகப் போகுது. பூச முடிஞ்சிருக்கும்" என்றார் மதினி. "ஸ்பீக்கர்ல போடுங்க தம்பி."

ஸ்பீக்கரில் போட்டான். மறுமுனையில் ஒரு பெண் குரல், "பிரஸ்ல பக்கம் கட்டுற ஜெபசுதா பேசுதேன், சொல்லுங்க" என்றது.

"நான் வன்னியபெருமாள் அண்ணாச்சி வீட்டுல இருந்து பேசுதேன்" என்றான் புது மேனேஜர், கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துக்கொண்டு. "அண்ணாச்சி புத்தகத்துல தொண்ணூத்தேழுல இருந்து நூத்திப் பன்னண்டு வரைக்கும், சேரக் கூடாத பக்கம் சேந்துட்டுல்லா? அத நீங்களே உங்க வாயால எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுங்க."

ஜெபசுதா அழாக்குறையாகச் சொன்னாள்:

"எங்க தப்புதான் சார், அண்ணாச்சிய மன்னிச்சிக்கச் சொல்லுங்க... ஆறுமுகநேரி வீட்டுக்குக் குடுக்குற அஞ்சு புத்தகத்துல மட்டும் மாத்திச் சேக்கச் சொன்ன பதினாறு பக்கத்த, ஐந்நூறுக்கும் அடிச்சு எல்லாத்துலயும் சேத்துத் தச்சிட்டோம்!"