ஹாண்டில் இல்லாமல் வாங்கிய மோட்டார் சைக்கிள்

அரைகுறை இங்கிலீஷால் மானம் போகும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். போகத்தான் செய்யும். ஆனால் அதே அரைகுறை இங்கிலீஷால் முப்பத்தைந்து ரூபாய் மிச்சமாகவும் செய்யும். அதற்கு நானே சாட்சி.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பள்ளி இறுதித் தேர்வில் தேறிய நாளிலிருந்து, வீட்டுக்குள் வந்த எழுத்தெல்லாம் என்னிடம்தான் வந்து சேர்ந்தது. மருந்துக் குப்பி, சோப்பு உறை, காற்றில் பறந்து வந்த காகிதம் என்று அப்பா எதையும் விடாமல் நீட்டுவார். நானும் வாசிப்பேன். தெரியாத சொல் வந்தால் நிறுத்த மாட்டேன். இன்னும் கொஞ்சம் சத்தமாக வாசிப்பேன். (தப்பு என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லாதது எவ்வளவு பெரிய வசதி!)

அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். அண்ணனுக்குக் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் மேற்பார்வை வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மலையடிவாரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் தோட்டங்களைச் சுற்றிவரச் சொந்தமாக மோட்டார் சைக்கிள் வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. திங்கட்கிழமை காலையில் வண்டியோடு போய் நின்றால் வேலை அவனுக்கு. இல்லாவிட்டால் அடுத்த ஆள் தயாராக இருந்தான். அப்பா ஒரு துண்டு தென்னந்தோப்பை விற்றார். சனிக்கிழமை மூவரும் மார்த்தாண்டத்துக்குப் போனோம். அண்ணன் வண்டி பார்க்க, அப்பா பணம் கொடுக்க, நான் இங்கிலீஷ் வாசிக்க.

அதுவரை சைக்கிளும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் விற்றுக்கொண்டிருந்த கடை அது. நடுவில், புதிதாக ஓட்டிப் படிப்பவர்களுக்கு ஏற்றது என்று ஒரு சின்னப் பச்சை வண்டியை நிறுத்தியிருந்தார்கள். தொடுவதற்கு முன்பு அண்ணன் இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

முதலில் ஆள் அனுப்பிப் பேசிய விலை ஒன்று. பில்லில் ஏறியிருந்த விலை வேறொன்று. கப்பலில் வந்ததற்குக் கூலி. துடைத்து மினுக்கியதற்குக் கூலி. அடுத்த வரியைக் கடை முதலாளியே சொன்னார்: "இது பூசைச் செலவு."

"பூசையா? நாங்க வேதக்காரங்களாக்கும்," என்றார் அப்பா. (கிறிஸ்தவர்களுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.)

"அதுக்கென்ன அண்ணே? ஜெபச் செலவுன்னு மாத்திப் போட்டுத் தாறேன்."

அப்பாவுக்கு மூக்கு சிவந்தது. "இனி ஒரு சக்கரம் கூடுதலாத் தரமாட்டேன்!" (திருவிதாங்கூர் நாணயம் போய்விட்டாலும் எங்கள் நாக்கில் காசு இன்னும் சக்கரம்தான்.)

முதலாளி சிரித்தார். "நீங்க எதுக்குத் தரணும்? நானாக்கும் தாறது, ரெண்டு சக்கரம்!"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவைப் பார்த்துச் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. பில்லை வெடுக்கென்று வாங்கினேன். கடைசி வரியில் "ஹாண்ட்லிங் சார்ஜ்" என்றிருந்தது. எதிரே முப்பத்தைந்து ரூபாய்.

என் மூளை மின்னலாக வேலை செய்தது. ஈட்டிங் என்றால் தின்றுகொண்டிருத்தல். ரன்னிங் என்றால் ஓடிக்கொண்டிருத்தல். ஆகவே ஹாண்ட்லிங் என்றால் ஹாண்டிலை மாட்டிக்கொண்டிருத்தல்! இலக்கணத்தில் எனக்கு எப்போதுமே நல்ல மதிப்பெண்.

"இது ஹாண்டிலுக்குத் தனிக் காசா?" என்று கடை அதிரக் கேட்டேன்.

முதலாளி ஒரு நிமிடம் விழித்தார். திருவனந்தபுரத்துக் கடை ஒன்றின் பில்லைப் பார்த்து வரிக்கு வரி எழுதி வைத்திருந்தவர் அவர். அந்தச் சொல்லின் பொருள் அவருக்கும் தெரியாது. ஆனால் ஒரு சின்னப் பெண்ணிடம் அதை ஒப்புக்கொள்வாரா?

"ஆமா பிள்ளே, ஹாண்டிலுக்காக்கும். பின்ன, ஹாண்டில் சும்மா வருமா?"

"கருப்பட்டி விக்கிற எங்க அப்பா, அதைச் சுத்துற ஓலைக்குத் தனிக் காசு கேக்காரா? எங்களுக்கு ஹாண்டில் வேண்டாம்!"

"வேண்டாமா?"

"வேண்டாம்!"

அவர் ஸ்பானரை எடுத்தார். நான்கு திருகு, இரண்டு இழுப்பு. ஹாண்டில் அவர் கைக்குப் போய்விட்டது. அதிலிருந்த கம்பிகள் கோழிக் குடல் மாதிரி வண்டியின் முன்னால் தொங்கின.

"ஏட்டி," என்று அண்ணன் என் காதருகே முனகினான். "திங்கக்கிழமை நான் எதைப் பிடிச்சுட்டுப் போவேன்?"

"நான் பாத்துக்கிடுதேன்," என்றேன். எதைப் பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியாது. ஆனால் இங்கிலீஷ் படித்தவள் பின்வாங்கலாமா? அப்பாவும் வீம்பாக ஹாண்டிலின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியை எண்ணி வைத்தார்.

ஹாண்டில் இல்லாத வண்டியை உருட்ட முடியாது என்பது தெருவில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஒரு மாட்டு வண்டியைப் பிடித்து ஏற்றினோம். சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. அன்று சந்தை நாள் வேறு. கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து போனோம்.

"என்ன வோய், கொம்பு இல்லாத மாட்டையா வாங்கிட்டுப் போறீரு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"ஹாண்டிலுக்குத் தனிக் காசு கேக்கான்!" என்றார் எங்கள் மாட்டு வண்டிக்காரர்.

அந்த மனிதருக்குக் கதை சொல்வதில் தனி ருசி. சந்தை வாசலில் ஹாண்டிலுக்கு மட்டும் தனிக் காசு. பாலம் தாண்டியதும் ஹாண்டிலுக்கும் சீட்டுக்கும். எங்கள் ஊர் எல்லையில், "ஆரன் அடிச்சா அடிக்கு அடி காசாம், கேட்டியளா!" என்று கூவினார். எதிரே வந்த பேருந்து நின்று, உள்ளே இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நான் தாவணித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். ஆனால் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை.

மறுநாள் ஞாயிறு. அண்ணன் காலையிலேயே முற்றத்தில் வண்டி மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். சாப்பிட வரவில்லை.

"படிச்ச பிள்ளைன்னு நம்பி அனுப்பினேனே, ஏட்டி!" என்றார் அம்மா. "அவனுக்க வேலையையும் கழட்டி வச்சிட்டு வந்தியா?"

வேலை போனால் தோப்பும் போனதுதான் மிச்சம். கோவிலில் முழங்காலிட்டு ஒரு ஹாண்டிலுக்காகக் கண்ணீர் விட்டு ஜெபித்தவள், கிறிஸ்தவ உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பேசாமல் திங்கட்கிழமை விடியலில் போய், முதலாளி காலில் விழுந்து, முப்பத்தைந்து ரூபாயைக் கொடுத்துவிடலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

சாயங்காலம் பேருந்து வந்து நின்றது. இறங்கியவர் மார்த்தாண்டத்து முதலாளி. கைக்குழந்தையைப் போலச் செய்தித்தாளில் சுற்றி அணைத்திருந்தது எங்கள் ஹாண்டில்!

"அண்ணே, நான் அழிஞ்சேன்," என்று முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நெய்யூரில் மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர் அதே மாதிரி வண்டிக்கு முன்பணம் கட்டியிருந்தாராம். மாட்டு வண்டிக்காரர் பரப்பிய கதை அவர் காதுக்கும் போய்விட்டது. நேரே கடைக்கு வந்து, "எனக்குள்ள வண்டிக்கு ஹாண்டில் உண்டுமா, இல்லையா? ஆரன் அடிச்சா எவ்வளவு? இல்லேன்னா முன்பணத்தைத் திருப்பித் தாரும்," என்று நின்றுவிட்டார். சைக்கிள் வாங்க வந்தவர்கள்கூட, பெடல் விலைக்குள் அடக்கமா என்று கேட்டார்களாம்.

"ஹாண்டில் கிட்டிச்சு, காசு தரல்லன்னு நீங்க நாலு பேருக்கிட்ட சொன்னாப் போதும். பஸ்ஸுல அந்தக் கண்டக்டரு இந்த ஹாண்டிலுக்குத் தனியா ஒரு லக்கேஜ் டிக்கெட்டு வேற கிழிச்சுட்டான்!"

அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். அம்மா கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். முதலாளி வியர்க்க வியர்க்கத் தன் கையாலேயே ஹாண்டிலை மாட்டினார், கூலி கேட்கவில்லை. திங்கட்கிழமை அண்ணன் வேலியில் ஒரு முறையும் வாழையில் ஒரு முறையும் மோதிவிட்டு, நேரத்துக்குத் தோட்டத்தில் போய் நின்றான். வேலை கிடைத்தது. நான் ஊரில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அடுத்த வருடம் நாகர்கோவிலில் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஒரு நாள் வேறு எதற்கோ அகராதியைப் புரட்டியபோது அந்தச் சொல் கண்ணில் பட்டது. ஹாண்ட்லிங் என்றால் கையாளுதல்! வண்டியின் ஹாண்டிலுக்கும் அந்தச் சார்ஜுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. உடம்பெல்லாம் கூசியது. அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போய் எல்லோரையும் உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ, வண்டியைத் தொட்டு எடுத்து வச்சதுக்காக்கும் அவன் காசு கேட்டது?"

"ஆமாப்பா."

"நல்லவேளை மக்கா! செரியா வாசிச்சிருந்தா நான் தலையை ஆட்டிட்டுக் குடுத்திருப்பேனே!"

இன்று நான் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் ஊரில் யார் எது வாங்கப் புறப்பட்டாலும், தையல் மெஷினோ சுவர்க் கடிகாரமோ, முதலில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "ஹாண்டில் டீச்சர் உண்டா?" என்று கேட்கிறார்கள். நானும் பெருமையாகக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். ஒவ்வொரு முறையும் அப்பா பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொல்லி அனுப்புவார்:

"மக்கா, பள்ளிக்கூடத்துல செரியா வாசி. கடையில மட்டும் தப்பா வாசிக்கணும், கேட்டியா?"