மாப்பிள்ளை மேல் கொட்டிய ஆலாத்தி

என் மனைவி கமலா வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் நான் நம்பவில்லை. நம்பாதது மட்டுமா, அந்த உடம்பை வைத்து நாலு பேர் முன்னால் வேடிக்கையும் காட்டினேன். செய்தது தப்பு. அதைச் சொல்லிவிட்டேன், இனி நீங்கள் சிரிக்கலாம்.

எண்பதுகளில் கோலாலம்பூருக்கு வடமேற்கே, கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி. (ஆபீஸ் குமாஸ்தாதான், நடை மட்டும் மானேஜர் நடை.) காய்ச்சல் இருந்தால்தான் சீக்கு லீவு என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அதையே வீட்டிலும் சட்டமாக்கியிருந்தேன். கமலாவுக்குக் காய்ச்சலும் இல்லை, வீக்கமும் இல்லை. ஆனால் முழங்கால், தோள், மணிக்கட்டு என்று தினமும் ஏதாவது ஓரிடம் வலிக்கும். அதே கமலா கட்டைவிரலை மடக்கி முன்கையோடு ஒட்டவைப்பாள். இப்படி வளைகிற உடம்பில் வலி எங்கிருந்து வரும்? இது என் மருத்துவ ஆராய்ச்சியின் முடிவு.

என் தங்கை மல்லிகாவுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் என் நண்பர் லோரிக்கார மணியத்தோடு மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

"கமலா, அந்தக் கட்டைவிரல் வித்தைய மணியத்துக்குக் காட்டு."

"வேணாங்க. நேத்து காய் நறுக்குனதுலயே மணிக்கட்டு கழண்டு வர்ற மாதிரி இருக்கு. இன்னும் ஆலாத்தி வேற எடுக்கணும்."

"ஒரு தடவ காட்டுனா தேஞ்சா போயிடுவ?"

"விடுலா, பாவம்," என்றார் மணியம். (எங்கள் ஊர்ப் பேச்சு 'லா' போடாமல் முடியாது.)

நான் விடவில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வளைத்துக் காட்டினாள். பலமாகக் கைதட்டியது நான்தான்.

மாப்பிள்ளை வந்து இறங்கினார். பெண்ணின் அண்ணி என்ற முறையில் கமலா மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆலாத்தித் தட்டை எடுத்தாள். முதல் சுற்று ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது சுற்றில் மணிக்கட்டு நழுவியது. தட்டிலிருந்த சிவப்புத் தண்ணீர் அத்தனையும் மாப்பிள்ளை மேல்! வெள்ளைப் பட்டு வேட்டியோடு வந்தவர், லோரியில் அடிபட்டவர் போல நின்றார். வாசலில் எழுந்த அலறல் கேட்டுப் பதறிய மேளக்காரர் கெட்டிமேளம் வாசித்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள் தாலி ஏறிவிட்டதென்று எழுந்து அட்சதை போட்டார்கள். மேடையில் குருக்கள் மட்டும்தான் இருந்தார்.

"சகுனமே சரியில்லையே!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

இத்தனைக்கும் அப்புறம்தான் என் பெரிய தப்பு நடந்தது.

"கவனமில்ல சம்பந்தியம்மா. காலையிலேர்ந்து வலி வலின்னு நடிக்கிறா."

கமலா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"பொய் சொல்லாதலா கிராணி! நீதான அந்தக் கைய வளைக்கச் சொன்ன?" என்றார் மணியம்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மாப்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மச்சான், முதல்ல அக்காவ உக்கார வைங்க. எனக்கு உங்க வேட்டியக் குடுங்க," என்றார்.

அவர் ஆறடி, நான் அதில் முக்கால்வாசி. கல்யாணப் படங்களில் இன்றைக்கும் அவர் ஆற்றைக் கடக்கிறவர் போலத்தான் நிற்கிறார். பின்னால் கைலியோடு நிற்பது நான்.

கமலாவைக் கோலாலம்பூரில் பெரிய டாக்டரிடம் அழைத்துப்போனேன். மூட்டுகளைப் பிடித்துவைக்கும் நார்கள் அவளுக்குப் பிறவியிலேயே தளர்வு என்றார் அவர். மூட்டு நழுவாமலிருக்கத் தசைகள் நாளெல்லாம் இழுத்துப் பிடிக்கின்றன; வலி அதனால்தான். முழுக்கத் தீராது; கொஞ்சம் வேலை, வலி ஏறுமுன் ஓய்வு, தசையை வலுவாக்க மெதுவான பயிற்சி.

"வளைச்சுக் காட்டுறது மட்டும் கூடவே கூடாது," என்றபோது கமலா என்னைத்தான் பார்த்தாள்.

கமலாவையும் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய் எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுப்படியில் அவளுக்கு ஓர் உயர நாற்காலி போட்டேன். மாவாட்டுவதும் துணி பிழிவதும் என் வேலையாயின. (தோட்டமே சிரித்தது.) வலி போய்விடவில்லை. காலையில் "இன்னிக்கு எங்க?" என்று கேட்பேன், அவள் இடத்தைச் சொல்வாள். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பதில்லை.

இப்போதும் குடும்பத்தில் அவள் ஆலாத்தி எடுத்தால், தட்டை அடியில் தாங்கி நான் சுற்றவேண்டும். அவள் விரல் வைத்தால் போதும். போன மாதம் மல்லிகாவின் மகளுக்குக் கல்யாணம். நாங்கள் ஆலாத்தித் தட்டை எடுத்ததும் அந்தப் பழைய மாப்பிள்ளை ஒரு பையைத் தூக்கிக் காட்டி, "மச்சான், மாத்து வேட்டி ரெடி. ஆரம்பிக்கலாம்லா!" என்று கத்தினார்.

மண்டபம் சிரித்தது. என் கைகள் வயசானதால் லேசாக நடுங்கின.

கமலா என் காதோரம் சொன்னாள்: "நல்லாப் பிடிங்க. நடிக்காதீங்க."