பேட்டரி சாரும் செத்துப்போன சிநேகிதரும்

செத்துப்போன ஒருவர் புண்ணியத்தில் வேலையில் நீடித்த மனிதர் இந்தியாவிலேயே ஒருத்தர்தான் இருப்பார். ஓசூரில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த எங்கள் மேன்ஷனில், மாடிக் கடைசி அறை அவருடையது. பெயர் பேட்டரி சார். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு இருந்திருக்கும், யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஓசூரில் புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி "எந்தக் கம்பெனி?" என்பதுதான். மெஸ் நடத்திய சகாயம் அக்காவும் அவர் வந்த அன்றே அவரிடம் கேட்டார்.

"கம்பெனி இல்லம்மா. ஈயத்தை ஈயத்தோட மோத விட்டா என்ன ஆகும்னு கணக்குப் போடறேன்."

"அப்ப பேட்டரி கம்பெனிதான்" என்று அக்கா தீர்ப்புச் சொல்லி, இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது.

உண்மையில் அவர் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இயற்பியல் விஞ்ஞானி. அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் ஓசூரில் தங்கி, மாநில எல்லையில் ஜூஜுவாடி நெரிசலில் பஸ்ஸுக்குள் வெந்து வெந்து போய்வந்தார். வெளிநாட்டில் பூமிக்கடியில் ஈய அணுக்களை மோத விடுவார்களாம். மோதிய இடம் ஒரு கணம் உருகிக் கஞ்சி மாதிரி ஆகுமாம். அந்தக் கஞ்சி எப்படிப் பாயும் என்று இவர் இங்கே உட்கார்ந்து காகிதத்தில் கோடு போட்டுச் சொல்வார். நானோ பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனைக்காரன், கையில் தொட்டு அளக்காத எதையும் நம்பாதவன். அந்தக் கஞ்சியை யாரும் கண்ணால் பார்க்கவே முடியாது என்று அவர் சொன்னபோது, அளக்காத சரக்கு என்று மனசுக்குள் தள்ளுபடி செய்தேன்.

அதைவிட நம்ப முடியாதது அவருடைய அறை. பட்டப்பகலிலும் ஜன்னல் சாத்தியே இருக்கும். உள்ளே வாக்குவாதம் நடக்கும். இவர் குரல் மட்டும் கேட்கும், நடுநடுவே எதிராளி பதில் சொல்லுகிற அளவுக்கு மௌனம் இருக்கும். இரண்டு டம்ளரில் டீ வாங்கிப் போவார். இரண்டும் காலியாகத் திரும்பி வரும்.

"ரூம்ல யாரு சார் இருக்கறது?" என்று அக்கா ஒருநாள் கேட்டேவிட்டார்.

"பாஸ்கர்."

"நான் பாத்ததே இல்லியே."

"பாக்க முடியாதும்மா. அவன் செத்து ரெண்டு வருசமாச்சு."

அக்கா கையிலிருந்த கரண்டியோடே சிலுவை போட்டுக்கொண்டார். பக்கத்து அறைப் பையன்கள் அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். காற்றோட்டமான அறை கிடைத்ததே என்று நான் குடியேறினேன். பயம் குடியேறிய பிறகுதான் வந்தது.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு, கதவைத் தட்டி நேராகவே கேட்டேன். அவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை. அதை எழுதியவர்கள் பட்டியல் ஓர் ஊர் வாக்காளர் பட்டியல் அளவுக்கு ஓடியது. ஒரு பெயருக்குப் பக்கத்தில் மட்டும் குட்டியாக ஒரு சிலுவைக் குறி.

"செத்தவங்களுக்கு இந்தக் குறி போடுவாங்க தம்பி. பாஸ்கர் என்கூடப் படிச்சவன். ஈயத்தை மோத விடற அந்த எந்திரத்துல வேலை பாத்தான். அவன் இருந்தப்ப அளந்தது இன்னும் எழுதி முடியல. முடியற வரைக்கும் அவன் பேரும் வந்துட்டே இருக்கும்."

"அப்ப தெனம் பேசறது?"

"நான் போட்ட கோடு கடைசிவரைக்கும் நேராப் போகும்னேன். வளையும்டான்னான். சண்டை முடியறதுக்குள்ள போயிட்டான். அவன் என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். அதையும் நானே மனசுக்குள்ள சொல்லிப் பாக்கறேன்."

"ரெண்டாவது டீ?"

"ஆறிப்போகுதேன்னு நானே குடிச்சுடுவேன்."

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி நிலையத்தில் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். உங்கள் ஆராய்ச்சியால் என்ன தாக்கம், யார் அதை எடுத்தாண்டிருக்கிறார்கள், காட்டுங்கள். காட்டாவிட்டால் வேலை இந்த வருடத்தோடு சரி. தேடிப் பார்த்தால் இவர் பெயரைச் சொன்னவை பெரும்பாலும் பாஸ்கர் பெயர் இருந்த கட்டுரைகள்தான், அவையும் விரல்விட்டு எண்ணுகிற அளவு.

"கேன்சருக்கு மருந்து வரும்னு ரெண்டு வரி சேத்து எழுதுங்க சார்" என்றேன்.

"பொய் சொன்னா பாஸ்கர் சிரிப்பான்" என்றார்.

மனசு சரியில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கெலவரப்பள்ளி அணைக்கு என்னை அழைத்துப்போனார். கழிவு கலந்த ஆற்றுத் தண்ணீரைத் திறந்திருந்தார்கள். வெள்ளை நுரை மலைமலையாகக் கிளம்பிச் சாலையை மூடியிருந்தது. வெயில் அடிக்கிறது, சத்தமே இல்லை, துண்டு துண்டாக நுரை காற்றில் போகிறது. இவர் பாட்டுக்கு அதற்குள் நடந்தார். முதலில் கால் மறைந்தது, பிறகு இடுப்பு, அப்புறம் ஆளே இல்லை. உள்ளிருந்து போன் கிணுகிணுக்கும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு.

"வளைஞ்சிருச்சுடா பாஸ்கர். நீ சொன்ன எடத்துலயே வளைஞ்சிருச்சு."

அணைக் காவலாளி நாகப்பா கன்னடத்தையும் தமிழையும் ஒரே மூச்சில் பேசுகிறவர். "யார் ஜொதே மாத்தாடறாரு சார்?" என்றார்.

"சிநேகிதரோட பேசறாரு."

"அவரு எல்லி?"

நான் நுரையைக் காட்டினேன். நாகப்பா சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

போனில் வந்தது, பாஸ்கர் அளந்ததை வைத்து எழுதிய கடைசிக் கட்டுரை. சார் சொன்னது தப்பு என்று அது நிரூபித்துவிட்டது. வேலை போச்சு என்றே நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு உலகத்தில் இதைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் "இன்னார் சொன்னதுபோல் அல்லாமல்" என்று இவர் பெயரைச் சொல்லியே ஆரம்பித்தார்கள். ஆராய்ச்சி நிலையத்தில் பெயர் எத்தனை இடத்தில் வந்தது என்றுதான் பார்த்தார்கள், திட்டா பாராட்டா என்று பார்க்கவில்லை. வேலை நீடித்தது. சகாயம் அக்கா கேசரி கிண்டினார்.

பாஸ்கர் அளந்தது தீர்ந்துவிட்டதால், அடுத்து வந்த கட்டுரையில் அவர் பெயர் இல்லை. அன்றிலிருந்து அந்த அறையில் பேச்சு நின்றுவிட்டது. சுவரில் காதை வைத்துப் பார்ப்பேன், மூச்சுச் சத்தம்கூட இருக்காது. முன்பு அவர் பேசியபோது வந்ததைவிடப் பெரிய பயம் எனக்கு இப்போது வந்தது. சாப்பாட்டுத் தட்டு தொடாமல் திரும்பியது. மனுஷன் இப்படியே கரைந்துபோய்விடுவாரோ என்று கவலையாக இருந்தது.

தாங்க முடியாமல் போய்க் கதவைத் தட்டினேன். "கோடு ஏன் சார் வளைஞ்சுது?" என்றேன். ஈனஸ்வரத்தில் ஏதோ விளக்கினார். எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை.

"எனக்கு அப்படித் தோணல சார். நீங்க சொல்றது தப்பு" என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எது தப்பு? எங்க தப்பு? சொல்லு" என்று காகிதத்தை இழுத்தார். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

கல்யாணமாகிச் சூளகிரிக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போட்டு, அவர் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டுத் தப்பு என்கிறேன். "பெரிய மனுசர்கிட்ட என்னங்க வாராவாரம் வம்பு?" என்கிறாள் மனைவி. அந்த மனுஷனைத் தனியாகப் பேச விட எனக்கு மனசு வரவில்லை.