தேல் என்றது எந்தத் தேல்?

மயூர் விஹார்,
ஞாயிற்றுக்கிழமை.

பூஜ்ய மாமாவுக்கு, இளைய மாப்பிள்ளை ராமசுப்ரமணியன் நமஸ்காரம். இங்கே நான், உங்கள் பெண் ஜலஜா, குழந்தைகள் எல்லோரும் சௌக்கியம். கார் மட்டும் சௌக்கியமில்லை. ஃபோனில் சொல்லலாமென்றால் மாமி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், தெருவுக்கே கேட்கும், அதனால் கடிதம்.

ஹோலி கழிந்ததும் நீங்கள் தில்லி வந்து மூன்று மாதம் தங்கப் போவதாகவும், யார் வீட்டில் என்று முடிவாகவில்லை என்றும் ஜலஜா சொன்னாள். இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது மாமா? லோதி ரோடில் உங்கள் மூத்த மாப்பிள்ளை அனந்தகிருஷ்ணன் புதுக் கார் வாங்கினதிலிருந்து, ஃபோனை எடுத்தாலே "அனந்து காரு, அனந்து காரு" என்கிறீர்கள். ஆமாம், எனக்கு வயிறு எரிகிறதுதான், மறைப்பானேன்! அதனால்தான் நானும் ஒரு பழைய கார் வாங்கினேன். உங்களை ஸ்டேஷனிலிருந்து நான்தான் அழைத்துவர வேண்டும், என் வீட்டில்தான் நீங்கள் தங்க வேண்டும்.

போன ஞாயிறு அந்தக் காரை அனந்துவிடம் காட்டலாமென்று ஓட்டிக்கொண்டு போனேன். பாதி வழியில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் கூஜா படம் போட்ட ஒரு சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, "பையா, ஏ க்யா ஹை?" என்று அது என்ன விளக்கென்று கேட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு "தேல் கதம்" என்றார். தேல்னா எண்ணெய், கதம்னா தீந்துபோச்சு, சரி. ஆனா இந்த ஊர்ல பெட்ரோலுக்கும் தேல்தானே மாமா, முப்பது வருஷமா கேக்கறேனே! பம்புக்குப் போய் டாங்க் ரொம்பி வழியற வரைக்கும் பெட்ரோல் போட்டேன். கூஜா அணையலை. புதுசா போட்டது உள்ள போய்ச் சேர நேரமாகும்னு நானே சமாதானம் சொல்லிண்டு ஓட்டினேன். அப்புறம் கடகடன்னு சத்தம், புகை, அனந்து வீட்டு வாசல்லயே, வேற எங்கயும் இல்லை, வண்டி நின்னுடுத்து. அவர் நிதானமா வந்து, பானெட்டைத் திறந்து, ஆயில் பாக்கற கம்பியை உருவி, "ராமு, எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு இல்லையே, வாங்கினதுலேர்ந்து பாக்கவே இல்லையா?"ன்னார். சட்டையில ஒரு கறை படலை மாமா அவருக்கு, அதைத்தான் என்னால தாங்க முடியலை! அப்புறம் தன்னோட புதுக் கார்ல கயிறு கட்டி மெக்கானிக் கடை வரைக்கும் என்னை இழுத்துண்டு போனார். வழியெல்லாம் அவர் நம்பர் பிளேட்டையே பாத்துண்டு நான். எஞ்சினுக்குள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு உராஞ்சு இறுகிப் போச்சாம், வேற எஞ்சின்தான் போடணுமாம்.

போகட்டும். கார் இல்லாவிட்டால் என்ன, மெட்ரோ இருக்கிறது. ஜலஜா உங்களுக்கென்று ரூமைக்கூட ஒழித்துவிட்டாள். நீங்கள் அனந்து வீட்டில் இறங்கினீர்களானால் இந்த ஜன்மத்தில் எனக்கு ஆறாது. மாமிக்கும் என் நமஸ்காரம். இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொண்டு, என் வீட்டுக்கே வந்து எங்களை ஆசீர்வதிக்க வேணும்.

விதேயன்,
ராமசுப்ரமணியன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அனந்து ஃபோன் பண்ணினார். "ராமு, மாமா மூணு மாசமும் உன்கிட்டயே இருக்கட்டும், எனக்குப் பரம சந்தோஷம்"னார். இவ்வளவு சந்தோஷமா அவர் எதையும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்லை. மேலே எழுதினதை எல்லாம் விட்டுடுங்கோ. லோதி ரோடுக்கே போயிடுங்கோ மாமா.